பெயிண்டின் மேல் சாயம்: மூவார் மேசை நாற்காலிகளும் அவற்றின் காப்புப் பூச்சும்

மரத்துக்குச் சாயம் ஏற்றுவதும் பெயிண்ட் அடிப்பதும் ஒரே வேலையின் இரு வகைகள் என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆனால் இரண்டும் மரத்தில் நிகழ்த்தும் மாற்றம் முற்றிலும் வேறானது. ஸ்டெயின் எனப்படும் மரச்சாயம் நீர்த்த திரவமாக மரத்தின் நுண்துளைகளுக்குள் இறங்கி, இழையோட்டத்தை மறைக்காமல் நிறத்தை மட்டும் மாற்றுகிறது. பெயிண்டோ, நிறந்தரும் பொடியாகிய நிறமியும் அதைப் பிடித்துவைக்கும் பிசினும் சேர்ந்த ஒரு படலமாக மரத்தின் மேல் படிந்து, துளைகளை அடைத்து, இழையோட்டத்தையும் மூடிவிடுகிறது. ஆகவே பெயிண்ட் அடித்த நாற்காலியின் மேல் சாயத்தைப் பூசினால் அது இறங்குவதற்கு இடமே இல்லை. மேலே நிற்க மட்டுமே முடியும். அப்படி நிற்கும் சாயத்தை அழகாக நிறுத்துவதும், நிறுத்தியதை உரிந்துபோகாமல் காப்பதும் ஜொகூர் மாநிலத்தின் மூவார் வட்டாரத் தளவாடத் தொழிற்கூடங்களுக்கு அன்றாட வேலை. தீபாவளிக்கு முன் பழைய மேசை நாற்காலிகளைப் புதுப்பிக்க முனையும் குடும்பங்கள் பெரும்பாலும் சறுக்குவதும் இந்த இடத்தில்தான்.

மலேசியாவின் தளவாட ஏற்றுமதியில் பாதிக்கும் மேற்பட்டது ஜொகூரிலிருந்து செல்கிறது; அதிலும் மூவார் ஆற்றின் முகத்துவாரத்தில் அமைந்த மூவார் நகரமும் அதைச் சூழ்ந்த பக்ரி, புக்கிட் பாசிர், பாகோ ஆகிய ஊர்களும், தெற்கே பத்து பகாட்டும் இத்தொழிலின் மையங்கள். இங்கே அறுக்கப்படும் மரங்களுள் முதன்மையானது ரப்பர் மரம், அதாவது தோட்டத்துத் தமிழர் பால்மரம் என்று அழைத்துவந்த அதே மரம். 1877-ஆம் ஆண்டில் லண்டனின் கியூ தாவரத் தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்துசேர்ந்த 22 நாற்றுகளிலிருந்தும், 1888-இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லியின் விடாப்பிடியான முயற்சியிலிருந்தும் கிளைத்த இப்பயிர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜொகூரின் காடுகளைத் தோட்டங்களாக மாற்றியது. அத்தோட்டங்களில் பால் வெட்டத் தமிழகத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் கொண்டுவரப்பட்டனர். மூவார் மாவட்டத்தில் பஞ்சோரை அடுத்த லனட்ரோன் தோட்டத்தின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளி அந்த வரலாற்றின் எச்சம்.

இருந்தும், பாலுக்காகப் பேணப்பட்ட அம்மரத்தின் கட்டைக்கு வெகுகாலம் விலையே இருந்ததில்லை. ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகள் பால் தந்து ஓய்ந்த மரங்கள் மறுநடவுக்காக வெட்டப்பட்டபோது அவை அடுப்புக்கும், ரப்பர்த் தாள்களை உலர்த்தும் புகைக்கூடத்துக்கும், செங்கற் சூளைக்கும் விறகாகவே போயின. மரத்தில் மாவுச்சத்து மிகுதி என்பதே இதற்குக் காரணம். வெட்டிய சில நாட்களிலேயே நீலப்பூஞ்சை படர்ந்து கட்டையைக் கறுக்க வைக்கும். தொடர்ந்து மரத்தைப் பொடியாக்கும் உளு வண்டு குடியேறும். வெட்டிய உடனே அறுத்து, போரான் உப்புக் கரைசலை அழுத்தக் கலனில் மரத்தின் உள்வரை செலுத்தி, பின்னர்ச் சூளையில் உலர்த்தும் முறை கெப்போங்கிலுள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகம் போன்ற நிலையங்களின் ஆய்வுகளால் நிலைபெற்ற பின்னரே, 1980-களில் இம்மரம் தளவாடத் தொழிலின் மூலப்பொருளாக உயர்ந்தது. விறகாக எரிந்த கட்டை பின்னர் எவ்வளவு அரியதாயிற்று என்பதற்கு, 2017-இல் ரப்பர் மரப் பலகை ஏற்றுமதிக்கே அரசு தடை விதித்தது போதிய சான்று.

இம்மரம் வெளிறிய பாலேட்டு நிறமுடையது. ஆதலால் எந்தச் சாயத்தையும் தெளிவாக ஏற்கும். வால்நட், செர்ரி, தேக்கு என எந்த மரத்தின் நிறத்தையும் அதன்மேல் கொண்டுவர முடிந்ததே தொடக்கத்தில் அதற்குச் சந்தையைப் பெற்றுத் தந்தது. அப்படியானால் அதன்மேல் பெயிண்ட் எதற்கு என்ற வினா எழும். ரப்பர் மரத்தின் அடிப்பகுதி குட்டையானது. பால் வெட்டிய பட்டையின் காயங்கள் அதில் முடிச்சுகளாகவும் கோணல்களாகவும் நிற்கும். நீண்ட, குறையற்ற பலகை கிடைப்பது அரிது என்பதால் சிறு துண்டுகளின் முனைகளைச் சீப்புப்பற்களாக வெட்டி ஒன்றோடொன்று கோத்து ஒட்டுகின்றனர். அகலமான மேசைப் பலகையும் பல பட்டைகளைப் பக்கவாட்டில் ஒட்டியே உருவாகிறது. ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு நிறமாக நிற்கும்போது தெளிந்த வார்னிஷ் அந்த ஒட்டுகளை அப்படியே காட்டிக்கொடுக்கும். பெயிண்ட் எல்லாவற்றையும் ஒரே நிறத்துக்குள் மூடிவிடும். உணவு மேசையின் மேற்பலகைக்குத் தேர்ந்த பட்டைகளை வைத்துச் சாயமேற்றி, கால்களுக்கும் நாற்காலிச் சட்டங்களுக்கும் வெள்ளைப் பெயிண்ட் அடிக்கும் இருநிற வடிவமைப்பு பரவியதற்கு அழகுணர்ச்சியோடு இந்தச் சிக்கனமும் காரணம் என்று கொள்வதில் பிழையில்லை.

ஆனால் பெயிண்ட் மட்டும் அடித்த கடைசல் கால் தட்டையாகத் தெரியும். வளையங்களும் பள்ளங்களும் இருந்தும் அவை கண்ணில் படா. அந்த ஆழத்தைத் திரும்பக் கொண்டுவருவதற்காகவே பெயிண்டின் மேல் சாயம் இழைக்கப்படுகிறது. இதற்கெனப் பயன்படும் பூச்சு கிளேஸ் எனப்படும்: மெதுவாக உலரும் திரவத்தில் சிறிதளவு பழுப்பு அல்லது கரும்பழுப்பு நிறமி கலந்த, ஒளி ஊடுருவும் பூச்சு. வீட்டு வேலைக்கு ஜெல் ஸ்டெயின் இதற்கு ஈடாகும். கெட்டித் தயிர்ப் பதத்தில் இருப்பதால் அது வழியாமல் பூசிய இடத்திலேயே நிற்கும். சாதாரண மரச்சாயம் நீர்த்தது என்பதால், பெயிண்டின் மேல் திட்டுத்திட்டாகத் திரண்டு, உலராமல் நாட்கணக்கில் பிசுபிசுத்துக் கிடக்கும்.

கடைசல் கால் ஒன்றில் இவ்வேலை நடைபெறும் விதம் பின்வருமாறு. வெள்ளைப் பெயிண்ட் நன்கு உலர்ந்தபின் அதன்மேல் தெளிந்த சீலர் ஒரு கை அடிக்கப்படுகிறது. இது பெயிண்டின் மிக நுண்ணிய சொரசொரப்பை மூடி, கிளேஸைத் துடைத்தெடுக்க வழிசெய்யும் இடைப்பூச்சு. பின்னர் கிளேஸைத் தூரிகையால் பள்ளங்களுக்குள் புகும்படி தாராளமாகத் தடவி, சில நிமிடங்களில் அதன் ஈரப்பளபளப்பு மங்கத் தொடங்கியதும் பஞ்சுநூல் துணியால் காலைச் சுற்றித் துடைக்கின்றனர். மேடான வளையங்களில் வெள்ளை மீள்கிறது. வளையங்களுக்கு இடையிலுள்ள குழிவுகளில் பழுப்புக் கோடு தங்குகிறது. இறுதியாக ஈரமற்ற மென்தூரிகையால் அக்கோட்டின் விளிம்பை இரண்டு மூன்று முறை நீவினால், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாதபடி நிறம் கரைந்து நிற்கும். சீலர் அடிக்காமல் மங்கலான பெயிண்டின் மேல் நேரே கிளேஸ் தடவினால் அது எல்லா இடத்திலும் ஒட்டிக்கொண்டு, எவ்வளவு துடைத்தாலும் போகாத அழுக்காகவே தோன்றும். பழமைத் தோற்றம் என்ற பெயரில் கடைகளில் நிற்கும் சில அலமாரிகள் கழுவாத பாத்திரத்தை நினைவூட்டுவதற்கும் இதுவே காரணம். கிளேஸ் எவ்வளவு பூசப்பட்டது என்பதைவிட எவ்வளவு துடைக்கப்பட்டது என்பதில்தான் கைத்திறன் தெரியும்.

தொழிற்கூடத்தில் அடுக்குகள் யாவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையாக முன்கூட்டியே தேர்ந்தெடுக்கப்படுகின்றன. வீட்டிலுள்ள பழைய அலமாரியிலோ, அடியில் இருப்பது எந்தப் பெயிண்ட் என்பதே பலருக்குத் தெரியாது; சிக்கல் அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஒரு பூச்சைத் திரவமாக வைத்திருக்கும் கரைப்பான், அதாவது தின்னரோ ஸ்பிரிட்டோ தண்ணீரோ, அடியிலுள்ள படலத்தையும் கரைக்க வல்லதாக இருந்தால் இரண்டும் சேர்ந்தே கெட்டுப்போகும். எண்ணெய் எனாமலின் மேல், விரைந்து உலரும் காப்புப் பூச்சாகிய லேக்கரை அடித்தால், லேக்கர் தின்னரின் வேகத்தில் எனாமல் ஊறிச் சுருங்கி, மழையில் நனைந்து காய்ந்த காகிதமாகச் சுருக்கம் விடும். அடிப்படலத்தின் வகையை அறிய எளிய சோதனை உண்டு: வெளியே தெரியாத ஓரிடத்தில் மெதிலேட்டட் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை அழுத்தித் தேய்த்தால், தண்ணீர் கலந்த அக்ரிலிக் பெயிண்ட் இளகிப் பஞ்சில் நிறம் விடும், உலர்ந்த எண்ணெய்ப் பெயிண்ட் அசையாது. அக்ரிலிக்கின் மேல் ஸ்பிரிட்டில் கரைந்த பூச்சுகளைத் தூரிகையால் திரும்பத் திரும்ப இழைக்கக் கூடாது என்பதும், எண்ணெய்ப் பெயிண்டின் மேல் எதை அடிப்பதாயினும் முதலில் உப்புத்தாளால் பளபளப்பை நீக்க வேண்டும் என்பதும் இதிலிருந்தே பெறப்படும். 220 எண்ணுள்ள உப்புத்தாள் இதற்குப் போதும். நோக்கம் பெயிண்டை எடுப்பதன்று, அடுத்த அடுக்கு பற்றிக்கொள்ள நுண்ணிய கீறல்களை உண்டாக்குவதே.

தேய்ப்பதற்கும் முன்னதாகக் கழுவ வேண்டும். அழுக்கின் மேல் தேய்த்தால் எண்ணெய்ப் பிசுக்கைக் கீறல்களுக்குள் திணிப்பதாகவே முடியும். தமிழர் வீடுகளின் சாமி அலமாரிக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். விளக்கெண்ணெயின் ஆவியும் கற்பூரக் கரியும் ஆண்டுக்கணக்கில் படிந்த அதன் உட்புறத்தைச் சலவைத்தூள் கரைத்த வெதுவெதுப்பான நீரால் இருமுறை துடைத்து, பின்னர் வெறும் நீரால் துடைத்து உலரவிடாமல் எந்தப் பூச்சும் அங்கே ஒட்டாது. வரவேற்பறைத் தளவாடங்களில் வேறொரு தொல்லை உண்டு: பளபளப்புக்காகத் தெளிக்கும் தெளிப்பான்கள் பலவற்றில் சிலிக்கோன் எண்ணெய் இருக்கிறது, அதன் தடம் பட்ட இடத்தில் புதிய பூச்சு ஒதுங்கி, சிறு வட்டக் குழிகளாக நிற்கும். தொழிலாளர் இதை மீன்கண் என்பர். மெழுகு தேய்த்த பரப்பின் கதையும் இதுவே. மெழுகின் மேல் எதுவும் நிலைக்காது, எனவே மெழுகு பூசுவதாயின் அது எல்லாவற்றுக்கும் கடைசியாகவே பூசப்பட வேண்டும்.

எந்தக் காப்புப் பூச்சைத் தேர்ந்தாலும் ஜொகூரில் அதன் போக்கை இறுதியாகத் தீர்மானிப்பது காற்றிலுள்ள ஈரமே. இம்மாநிலத்தின் சராசரி ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 80 விழுக்காட்டைச் சுற்றியோ அதைத் தாண்டியோ நிற்கிறது. லேக்கர் போன்ற விரைந்து உலரும் பூச்சிலிருந்து கரைப்பான் ஆவியாகும்போது அது பரப்பின் வெப்பத்தையும் எடுத்துச்செல்வதால் பரப்பு குளிர்கிறது. 25 டிகிரி வெப்பமும் 50 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள அறையில் காற்றின் நீராவி பனித்துளியாக மாறப் பரப்பு ஏறத்தாழ 11 டிகிரி குளிர வேண்டும். 30 டிகிரி வெப்பமும் 85 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள மூவார்ப் பிற்பகலிலோ வெறும் 3 டிகிரி குளிர்ந்தாலே போதும். அவ்வாறு படியும் நுண்ணீர் லேக்கருக்குள் சிக்கி, தெளிவாக இருக்க வேண்டிய படலத்தை வெண்புகை மூடியதுபோல் ஆக்கிவிடும். வெள்ளைப் பெயிண்டின் மேல் இது சட்டென்று தெரியாது. பழுப்புக் கிளேஸ் தங்கிய பள்ளங்களில் சாம்பல் பூத்ததாகத் தெரியும்போதுதான் பிழை புலப்படும். தொழிற்கூடங்கள் மெதுவாக ஆவியாகும் கரைப்பானைச் சிறிதளவு சேர்த்து இதைத் தவிர்க்கின்றன. ரிடார்டர் எனப்படும் அக்கரைப்பான் உலர்தலைத் தாமதப்படுத்தி, சிக்கிய நீர் வெளியேறக் காலம் தருகிறது. பூத்துவிட்ட பரப்பின் மேலும் அதை மென்மையாகத் தெளித்தால் லேக்கர் மீண்டும் இளகித் தெளிவதுண்டு.

தண்ணீரில் கலந்த பூச்சுகளுக்கு வெண்புகைத் தொல்லை குறைவு. ஆனால் காற்றே நீரால் நிறைந்திருக்கும்போது அவற்றின் நீர் எளிதில் வெளியேறாது. கையால் தொட்டால் உலர்ந்ததாகத் தோன்றும் அக்ரிலிக் பெயிண்ட் முழுமையாக இறுக மூன்று நான்கு வாரங்கள் ஆகும். மழை நாட்களில் இன்னும் கூடும். இறுகாத பெயிண்டின் மேல் கிளேஸும் காப்புப் பூச்சும் அடித்தால், அடியில் மென்மையும் மேலே கடினமுமாக நின்று சில மாதங்களில் வெடிப்பு விடும். தீபாவளி விழும் அக்டோபர், நவம்பர் மாதங்களோ பருவமழைகளுக்கு இடைப்பட்ட, பிற்பகல் தோறும் இடியுடன் மழை கொட்டும் காலம். பண்டிகைக்கு ஒரு வாரம் முன்னர்த் தொடங்கி மூன்று அடுக்குகளை அடித்து முடிக்கும் வழக்கம் ஈரக் கணக்கில் ஆண்டின் மோசமான வாரத்தைத் தேர்ந்தெடுக்கும் வழக்கமாகிவிட்டது. ஆகஸ்டில் பெயிண்ட், செப்டம்பரில் கிளேஸும் காப்பும் என்று பிரித்துக்கொள்வதும், வெயில் ஏறிய காலை பத்து மணியிலிருந்து மழை மேகம் திரளும் முன்புவரை மட்டுமே அடிப்பதும் விலையுயர்ந்த பூச்சை வாங்குவதைக் காட்டிலும் பயன் தரும்.

காப்புப் பூச்சுகளுள் மூவார்த் தொழிற்கூடங்களில் நெடுங்காலமாக வழங்குவது என்.சி. எனப்படும் நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர். நிமிடக்கணக்கில் உலரும், கீறினால் அதே பூச்சாலேயே சரிசெய்யலாம். ஆனால் காலப்போக்கில் மஞ்சளாகும், சூடான பாத்திரத்தையும் சிந்திய சாராயத்தையும் தாங்காது. அமிலத்தால் இறுகும் ஏ.சி. லேக்கர் அதைவிட உறுதியானது என்றாலும் இறுகும்போது ஃபார்மால்டிஹைடு என்ற நெடியுள்ள வாயுவை வெளியிடுவதால் இறக்குமதி செய்யும் நாடுகளின் கட்டுப்பாடுகள் அதற்கு நெருக்கடி தருகின்றன. இரு கலவைகளைச் சேர்த்து அடிக்கும் பி.யூ., அதாவது பாலியூரித்தேன், எல்லாவற்றிலும் கடினமானது. அதன் இறுக்கியிலுள்ள ஐசோசயனேட் மூச்சுக்குழாயைத் தாக்கி நிலையான ஆஸ்துமாவையே உண்டாக்க வல்லது என்பதாலும், காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து படலத்தில் குமிழ்களை எழுப்பும் என்பதாலும் அது வீட்டு முற்றத்தில் தெளிக்கத் தக்கதன்று. வெள்ளை அல்லது வெளிர்நிறப் பெயிண்டின் மேல் வீட்டில் அடிக்க ஏற்றது தண்ணீரில் கலந்த பாலியூரித்தேனே, அது மஞ்சளாகாது. டின்னில் தேன்நிறமாகத் தெரியும் எண்ணெய்ப் பாலியூரித்தேன் முதல் நாளிலேயே வெள்ளையைத் தந்தநிறமாக்கி, ஆண்டுகள் போகப்போக மேலும் மஞ்சளாக்கும். எண்ணெய்ப் பூச்சுகள் இருட்டில்தான் கூடுதலாக மஞ்சளாகும் என்பது பலர் அறியாத செய்தி: சாமி அலமாரியின் கதவுக்குப் பின்னாலுள்ள உட்பலகை, வெளிப்புறத்தைவிட முன்னதாக நிறம் மாறுவதற்குப் புகை மட்டும் காரணமன்று.

கிளேஸ் எண்ணெய் வகையாகவும் காப்புப் பூச்சு தண்ணீர் வகையாகவும் இருந்தால் இரண்டுக்கும் நடுவே ஒரு சமாதானத் தூது தேவைப்படுகிறது. அந்த வேலையைச் செய்வது அவலரக்கு. மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சி சுரக்கும் இப்பிசின் ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் காடுகளிலிருந்து உலகச் சந்தைக்குச் செல்வது. கர்நாடகத்தின் சென்னபட்டணத்து மரப்பொம்மைகளின் பளபளப்பும் அரக்கினுடையதே. ஸ்பிரிட்டில் கரைத்த அவலரக்கை மெல்லிதாக ஒரே ஓட்டத்தில் அடித்தால் அது எண்ணெய்ப் படலத்தையும் பற்றும், தன்மேல் வரும் நீர்ப் பூச்சையும் ஏற்கும். ஆனால் இயற்கை அவலரக்கில் சிறிது மெழுகு கலந்திருக்கும். மேலே பாலியூரித்தேன் வருவதாயின் மெழுகு நீக்கிய வகையையே கேட்டு வாங்க வேண்டும்.

அடுக்குகள் உண்மையில் ஒன்றோடொன்று ஒட்டியுள்ளனவா என்பதை அறிய ஐ.எஸ்.ஓ. 2409 என்ற பன்னாட்டுத் தரநிலை ஒரு வழி வகுத்துள்ளது: கூரிய கத்தியால் நெடுக்கில் ஆறும் குறுக்கில் ஆறுமாகக் கீறிச் சிறு கட்டங்களாக்கி, ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி இழுத்தால் எத்தனை கட்டங்கள் பெயர்கின்றன என்பதைக் கொண்டு 0 முதல் 5 வரை மதிப்பிடுவர்; ஒன்றும் பெயராவிடில் 0. முழு அலமாரியையும் அடித்து முடிப்பதற்கு முன் அதன் பின்புறத்தில் உள்ளங்கையளவு இடத்தில் எல்லா அடுக்குகளையும் அடித்து, சில நாள் கழித்து இச்சோதனையைச் செய்துபார்ப்பது பெரும் வீண்செலவைத் தவிர்க்கும். சாயம் பூசிய பெயிண்டில் ஒளி ஊடுருவும் அடுக்குகள் மிகையாக ஏறுவதும் கூடாது: மெல்லிய மூன்று பூச்சுகள், இடையிடையே 320 எண் உப்புத்தாளால் இலேசான ஒரு தேய்ப்பு என்பதே மேசைப் பலகைக்குப் போதிய காப்பு, கால்களுக்கு இரண்டே போதும். கிளேஸின் மேல் விழும் முதல் பூச்சை மட்டும் தேய்க்கக் கூடாது, தேய்த்தால் மேடுகளில் நிறம் போய்விடும்.

பாட்டன் காலத்து அலமாரியாக இருந்தால் தேய்க்குமுன் ஒரு நிமிடம் நின்று எண்ண வேண்டும். பழைய எண்ணெய்ப் பெயிண்டுகளில் ஈயச் சேர்மங்கள் நிறமியாகவும் உலர்த்தியாகவும் சேர்க்கப்பட்டன. அமெரிக்கா 1978-இலேயே வீட்டுப் பெயிண்டில் இதைத் தடைசெய்தது, பல நாடுகள் வெகு பின்னரே விழித்தன. உலர்ந்த தூளாகத் தேய்த்தால் ஈயம் மூச்சிலும் குழந்தைகளின் கைகளிலும் சேரும். ஆகவே அத்தகைய பரப்பை நீர் தொட்டு ஈரமாகவே தேய்த்து, சேற்றைத் துணியால் ஒற்றியெடுத்து, தகுந்த முகக்கவசம் அணிந்து, குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் அப்பால் இருக்கச்செய்ய வேண்டும். பெயிண்ட் உரிந்துகொண்டிருக்கும் மரச்சாமான் எனில் அதைத் தேய்க்கும் எண்ணத்தையே கைவிடுவது நல்லது.

கடைசியாக, வேலை முடிந்தபின் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. எண்ணெய் கலந்த ஜெல் ஸ்டெயினையும் கிளேஸையும் துடைத்த துணிகள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து தாமாகவே சூடேறும். சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டால் அந்தச் சூடு வெளியேற வழியின்றிப் பெருகி, தீப்பொறி எதுவும் இல்லாமலே சில மணி நேரத்தில் தீப்பற்றும். பூச்சு வேலைக்குப் பின் நேரும் இத்தகைய தீவிபத்து எந்தத் தட்பவெப்பத்திலும் நிகழக்கூடியது, வெப்பமான ஊரில் எளிதாக நிகழக்கூடியது. எனவே அத்துணிகளை வீட்டுக்கு வெளியே ஒன்றின்மேல் ஒன்று படாமல் விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் முழுக நனைத்து மூடியுள்ள தகர டின்னில் அடைத்து அப்புறப்படுத்துங்கள்.